ஊருணியைத் தோண்டுவதற்கு முன்: வறண்ட சீமையில் தண்ணீர் வேலைக்குப் புதிதாக வருவோருக்கு

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோரக் கிராமங்கள் பலவற்றில் மாசி பிறந்துவிட்டால் தெருவில் தள்ளுவண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். மரச்சட்டத்தில் குடம் உட்காரும் அளவுக்கு வட்டம் வட்டமாக இடம் விட்டுச் செய்த வண்டி அது. ஆறு குடம் ஏறும், சிலவற்றில் எட்டு. பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டு போய், மணலில் தோண்டிய ஊற்றுக்குழியில் இறங்கி, சுரக்கிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டுக் கலக்கிவிட்டால் தெளியும்வரை குழிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சீமையில் மழையே பெய்யாது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. தார்ப் பாலைவனத்து ஜெய்சல்மேருக்கு 200 கூடக் கிடைக்காத ஆண்டுகள் உண்டு. அங்கும் மனிதர்கள் நூற்றாண்டுகளாக வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம் சிக்கல் என்னவென்றால், பெய்வதில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்களில் வெயிலும் காற்றும். நிலத்தடியில் பல இடங்களில் உப்பு. கீழே நல்ல தண்ணீர் இல்லாத ஊரில் மேலே பிடித்து வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் பாசனத்துக்குக் கண்மாயும், குடிப்பதற்கு ஊருணியும் ஊர்தோறும் வெட்டி வைத்தார்கள்.

இன்று பல ஊர்களில் இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி, பொக்லைன் அமர்த்தி, ஊருணியை மீட்கப் புறப்படுகிறார்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களும் பணம் அனுப்புகிறார்கள். பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் முதல் நாளே எந்திரத்தைக் குழியில் இறக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஊர்களில் ஊருணி வேலை வீணாய்ப் போன இடங்களில் எல்லாம் இதுதான் நடந்தது. ஊருணி வேலையில் முதல் வேலை வரத்துக்கால், அதாவது மழைநீர் ஊருணிக்கு வந்து சேரும் வழி. தோண்டுவது மிகவும் பிந்தித்தான் வரும். அந்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன்.

1. மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்

வேலை தொடங்க நினைக்கும் ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில், நல்ல மழை கொட்டும்போது, குடையையும் ஒரு கம்பையும் எடுத்துக்கொண்டு ஊருணிக்குப் போங்கள். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே இறங்குகிறது என்று பார்த்து, அந்த ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டே மேலே நடங்கள். ஒரு மணி நேரம் நடந்தால் பத்து வரைபடம் சொல்லாததை அது சொல்லிவிடும். எங்கே வயல் வரப்பு குறுக்கே வந்து நீரைத் திருப்புகிறது, எங்கே புதிதாகப் போட்ட சாலைக்கு அடியில் குழாய் வைக்காமல் விட்டிருக்கிறார்கள், எங்கே வீட்டுமனைக்காக மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள், எந்தத் தெருவின் சாக்கடை வந்து கலக்கிறது என்று எல்லாம் கண்முன்னே ஓடும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கல்லோ குச்சியோ நட்டு அடையாளம் வையுங்கள். மழை விட்டபின் அந்த இடம் ஒன்றும் தெரியாத பொட்டலாகத்தான் இருக்கும்.

மழைக்காலம் தப்பிவிட்டதா? அப்போது ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள். குறிப்பாக, முன்பு கண்மாயில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிய நீர்ப்பாய்ச்சிக் குடும்பத்தில் யாரேனும் இருந்தால் அவரோடு ஒரு நாள் முழுக்க நடங்கள். பெண்களிடம் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: எந்தத் தண்ணீரில் பருப்பு வேகும்? கடினத் தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு கொதித்தாலும் கல்லாய்க் கிடக்கும். ஓர் அப்பத்தா எங்கள் பகுதியில் இருந்த நான்கு நீர்நிலைகளையும் பருப்பை வைத்தே தரம் பிரித்துச் சொன்னார். பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தபோது முடிவுகள் அதே வரிசையில்தான் வந்தன.

இந்தப் பகுதியில் எதுவும் தனித்து நிற்பதில்லை என்பதையும் நடக்கும்போதே புரிந்துகொள்வீர்கள். மேல் கண்மாயின் கலிங்கு, அதாவது மிகுந்த நீர் வெளியேறும் வாய், வழிந்தால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து; கீழ்க் கண்மாயின் மறுகால், அதாவது அப்படி வழிந்த நீர் ஓடும் கால், அடுத்ததற்கு. வைகையே இப்படி வழிநெடுகக் கண்மாய்களை நிரப்பிக்கொண்டு வந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயை அடைகிறது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயும் இத்தகைய ஏற்பாட்டில் ஒரு கண்ணி. உங்கள் ஊருணிக்கு நீர் நேரடியாகப் பொட்டல் காட்டிலிருந்து வருகிறதா, கண்மாய் மடையிலிருந்து வருகிறதா, மறுகாலிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் மேற்கொண்டு ஓர் அடியும் வைக்க வேண்டாம்.

2. காகிதங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனாலும் முதல் பொக்லைன் வாடகையைக் கொடுப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் பதிவேடு) புலப்படத்தையும் பார்த்து, ஊருணிப் புறம்போக்கின் புல எண், பரப்பு, அதற்கு வரும் ஓடைப் புறம்போக்கின் புல எண்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊருணியை மட்டும் அளந்துவிட்டு ஓடையை விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. சர்வேயர் வரும் நாளில் இரண்டையும் சேர்த்தே அளந்து கல் நட்டுவிடுங்கள்.

ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். கண்மாய் என்றால், 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடமும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது வழக்கம். எதுவானாலும் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டு தொடங்குங்கள். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அதில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், இதற்கென்றே அமைந்த நாள்போல இருக்கிறது. வேலையைப் பங்குனியில் ஆரம்பிக்கவும் அது வசதியாகப் பொருந்தும். வண்டலை வயலுக்கு எடுத்துப் போக விரும்பும் விவசாயிகள் வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு டிராக்டர் மண் வெளியே போனாலும் பழி உங்கள் குழுவின் மேல்தான் விழும்.

ஓடையை யாராவது உழுது விதைத்திருந்தால் எடுத்த எடுப்பில் வழக்குக்குப் போகாதீர்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமும், கண்மாய்களுக்கு 2007-இல் வந்த சட்டமும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் அறுவடை முடியட்டும் என்று ஒரு மாதம் பொறுத்து, அவர் வீட்டுக்கும் இந்த ஊருணியில்தானே குடம் போகிறது என்று நேரில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

3. ஒரு தாளில் அடங்கும் கணக்கு

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். ஓர் ஏக்கரில் 25 மில்லிமீட்டர் பெய்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர்.

உங்கள் ஊரில் 200 வீடு, 1,000 பேர் என்று வைப்போம். ஊருணி குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர். தை முதல் ஆவணி வரை 240 நாள் தாங்க வேண்டும். ஆக 24 லட்சம் லிட்டர், அதாவது 2,400 கனமீட்டர்.

இனி வெயிலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 50 மீட்டருக்கு 50 மீட்டர் ஊருணி. மேற்பரப்பு 2,500 சதுர மீட்டர். இந்தச் சீமையில் நாளுக்குச் சராசரி 6 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று கொண்டால், 240 நாளில் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் இறங்க இறங்கப் பரப்பும் சுருங்கும். அதையும் கழித்துப் பார்த்தால்கூட 2,700 கனமீட்டர் ஆகாயத்துக்குப் போகிறது. ஊர் முழுக்கக் குடிப்பதைவிட வெயில் குடிப்பது அதிகம். இந்த எண்ணை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டும் சேர்த்து 5,100. கசிவுக்கு ஒரு 900 விட்டால் 6,000 கனமீட்டர் தேவை. 50-க்கு 50 மீட்டர் வாய், மூன்றரை மீட்டர் ஆழம், அடி 36-க்கு 36 மீட்டர் என்று சரிவாக வெட்டினால் சுமார் 6,500 கனமீட்டர் கொள்ளும். போதும்.

இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வரும்? வடகிழக்குப் பருவத்தில் 400 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வைத்து, அதில் 15 சதவீதம்தான் மண்ணில் ஊறாமல் ஓடிவரும் என்று அடக்கமாகக் கணக்கிட்டால், சதுர மீட்டருக்கு 60 லிட்டர். 6,000 கனமீட்டருக்கு ஒரு லட்சம் சதுர மீட்டர். ஏறத்தாழ 25 ஏக்கர் நீர்ப்பிடிப்பு வேண்டும். சாலையும் வீட்டுமனையும் தின்றது போக உங்கள் ஊருணிக்கு எட்டு ஏக்கர்தான் மிஞ்சியிருக்கிறது என்றால், எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் அது நிறையாது. தோண்டுவதற்கு வைத்திருக்கும் பணத்தைச் சாலைக்கு அடியில் ஒரு குழாய் புதைப்பதற்குச் செலவழியுங்கள். ஒரு குழாய் பத்து ஏக்கர் மழையைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்.

4. மண்ணைத் தொட்டுப் பாருங்கள், பிறகு எவ்வளவு ஆழம் என்று பேசலாம்

இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கடலாடிப் பக்கம் ஓர் ஊரில் நானும் உடனிருந்து செய்த வேலை இது. ஊருணி தூர்ந்து இடுப்பளவு ஆழம்தான் இருந்தது. பொக்லைன் வந்தது. முதல் நாள் கரும்பழுப்பு வண்டல், அடுத்து கறுத்த களி. எல்லோருக்கும் உற்சாகம். இன்னும் கொஞ்சம் ஆழம், இன்னும் கொஞ்சம் ஆழம் என்று கரையில் நின்றவர்கள் எல்லாம் சொன்னார்கள், நானும் சொன்னேன். இரண்டாம் நாள் மாலை பொக்லைனின் மண் அள்ளும் தொட்டி மேலே வரும்போது அதில் வெளுத்த ஈர மணல் இருந்தது. ஊற்று வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மூலையில் ஒரு சாண் தண்ணீர் நின்றது, கண்ணாடிபோல. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு.

களிமண் அடுக்குதான் அந்த ஊருணியின் சட்டி. மழைநீரைக் கீழே போகவிடாமலும், கீழே இருக்கும் உப்புத் தண்ணீரை மேலே வரவிடாமலும் பிடித்துக்கொண்டிருந்தது அதுவே. நாங்கள் சட்டியில் ஓட்டை போட்டுவிட்டோம். வெட்டிய களியையே திரும்பக் கொட்டி, தண்ணீர் தெளித்து, மாடுகளை நடக்கவிட்டு மிதித்து அடைத்தோம். அதன் பிறகும் இரண்டு மழைக்காலம் கழிந்தபின்தான் வாயில் வைக்கும்படியான தண்ணீர் நின்றது. அந்த இரண்டு ஆண்டும் அந்த ஊர்ப் பெண்கள் வேறூர் ஊருணிக்கு வண்டி தள்ளினார்கள்.

ஆகவே எந்திரம் வருவதற்கு முன்பே, ஊருணியின் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து இடத்தில், கைத்துளைப்பானாலோ கடப்பாறையாலோ, தோண்ட நினைக்கும் ஆழத்தைவிட இரண்டு அடி கூடுதலாகக் குழி போட்டுப் பாருங்கள். அரை அடிக்கு ஒரு முறை எடுக்கும் மண்ணைத் தனித்தனியாக வரிசையில் வையுங்கள். ஒவ்வொன்றையும் நனைத்துப் பிசைந்து உருண்டை பிடியுங்கள். பிறகு கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து நாடாபோல் தள்ளுங்கள். உடையாமல் இரண்டு அங்குலம் நீண்டால் நல்ல களி. விரலில் நறநறவென்றால் மணல் கலந்தது. உருண்டையே பிடிபடாவிட்டால் அது மணல்; அந்த ஆழத்துக்கு எந்திரம் போகவே கூடாது. பார்த்து முடித்ததும் ஐந்து குழியையும் களிமண் போட்டு இடித்து மூடிவிடுங்கள். சோதனைக்குழியே ஓட்டையாகிவிடக் கூடாது.

களிக்குக் கீழே மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு மேலே குறைந்தது இரண்டு அடி களியை விட்டுவிட்டு நிறுத்துங்கள். கணக்கில் மூன்றரை மீட்டர் ஆழம் வேண்டியிருக்கிறது, மண் இரண்டரைதான் அனுமதிக்கிறது என்றால் மண் சொல்வதைக் கேளுங்கள். மீதிக்கு வேறு ஊருணியையோ, கீழே சொல்லியிருக்கும் கூரை நீரையோ தேடுங்கள்.

கடற்கரையை ஒட்டிய தேரிகளில், அதாவது மணல் மேடுகளில், நிலைமை நேர்மாறு. அங்கே மணலுக்குள்தான் நல்ல தண்ணீர் இருக்கிறது. ஆனால் அது உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், அதன் எடை கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பை அழுத்தி வைத்திருக்கும். மோட்டார் வைத்து அந்த ஒரு மீட்டரை இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். சிரட்டையால் வழித்து எடுப்பதை வறுமை என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஆழமில்லாத குழி, மெதுவாக எடுத்தல் என்ற இரண்டு விதியும் அதில் இருக்கின்றன. தேரியில் கிணறு போடுவதென்றால் ஆழம் குறைவாக, எண்ணிக்கை அதிகமாக, கைப்பம்பு மட்டும் வைத்துப் போடுங்கள்.

5. இப்போது தோண்டலாம்

வேலைக்குச் சரியான காலம் பங்குனி முதல் ஆடி வரை. புரட்டாசி பிறக்கும்போது கரை மண் இறுகியிருக்க வேண்டும்.

முதலில் மேல் வண்டல் வெளியே போகட்டும். வயலுக்கு அது உரம், விவசாயிகள் வந்து எடுத்துப் போவார்கள். அடுத்து வரும் களியை வெளியே அனுப்பாதீர்கள், கரைக்கு அதுதான் வேண்டும். உட்சரிவு ஓர் அடி ஆழத்துக்கு இரண்டு அடி சாய்வாக இருக்கட்டும். சுவர்போல் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்து உள்ளே விழும். ஆடு மாடு, குழந்தை தவறி விழுந்தாலும் ஏற முடியாது. குழியின் விளிம்புக்கும் கரைக்கும் நடுவே பத்து அடி சமதளம் விடுங்கள், கரை மண் கரைந்து வந்தாலும் குழியில் விழாமல் அங்கே தங்கும். கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் ஓர் அடி, ஓர் அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, டிராக்டரை ஓட்டி இறுக்க வேண்டும்.

சீமைக்கருவேலத்தை வெட்டினால் போதாது, தூரோடு பிடுங்க வேண்டும். அடிமரத்திலிருந்து மறுபடியும் தழைக்கும். கரையின் மேல் வளர்ந்ததைப் பிடுங்கும்போது குழி விழும், அதை அன்றைக்கே களி போட்டு இடித்துவிடுங்கள். கரிமூட்டம் போடுவோருக்கு விறகை ஊராட்சி மூலம் ஏலம் விட்டால் வேலைச் செலவில் ஒரு பங்கு வந்துவிடும். ஆடு மாடு அதன் நெற்றைத் தின்று விதையைச் சாணத்தோடு கொண்டுவரும் என்பதால், முளைத்த கன்றுகளை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மழை ஓய்ந்ததும் கையாலேயே பிடுங்க வேண்டியிருக்கும்.

மரம் எங்கே நடுவது? ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். வெயிலோடு சேர்ந்து தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவது அந்தக் காற்று. ஆகவே மேற்குக் கரையின் வெளிச்சரிவில் பனை, வேம்பு, புங்கம் என்று நெருக்கமாக நடுங்கள். உட்சரிவில் வேண்டாம், இலை விழுந்து தண்ணீர் அழுகும்.

6. வரும் வாயும் போகும் வாயும்

சாலைக் குழாய், ஓடைக் கல், வரப்பு என்று முதல் மழையில் நீங்கள் குறித்த எல்லாத் தடைகளையும் இதற்குள் சரிசெய்திருப்பீர்கள். ஓடைக்குச் சரிவு இருக்கிறதா என்று கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய குழாயை (டியூப் லெவல்) வாங்கி 20 மீட்டருக்கு ஒரு முறை பாருங்கள். கண்ணுக்குச் சரிவாகத் தெரிவது பல இடங்களில் எதிர்ச்சரிவாக இருக்கும்; இந்தச் சீமை அவ்வளவு தட்டை.

ஊருணிக்குள் நீர் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் தொட்டி கட்டுங்கள். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் போதும். வேகமாக வரும் நீர் அங்கே நின்று நிதானித்து மண்ணைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போகும். ஊருணி முழுவதையும் பத்து ஆண்டுக்கு ஒரு முறை தூர்வாருவதைவிட, இந்தத் தொட்டியை ஆண்டுக்கு ஒரு நாள் மண்வெட்டியால் அள்ளுவது எளிது. ஏரி நீரை வெளியே விட அமைத்த நம் பழைய குமிழித்தூம்புகளில் நீர் போக ஒரு துளையும் சேறு போகத் தனித்துளையும் வைத்த கைகள் இதைத்தான் யோசித்திருக்கின்றன. தொட்டியிலிருந்து உள்ளே இறங்கும் சரிவில் கல் பதியுங்கள். தொட்டிக்கு முன் ஓர் அடைப்புப் பலகையும், நீரைப் பக்கத்தில் திருப்பிவிட ஒரு வழியும் வேண்டும். புரட்டாசியில் பெய்யும் முதல் இரண்டு மழை கோடை முழுக்கச் சேர்ந்த சாணத்தையும் குப்பையையும் அடித்துக்கொண்டு வரும். அதை உள்ளே விடாதீர்கள். மூன்றாம் மழையிலிருந்து பலகையைத் திறக்கலாம்.

போகும் வாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கரை உச்சிக்கு இரண்டு அடி கீழே கலிங்கு இருக்க வேண்டும். அது இல்லாத ஊருணி நன்றாக நிறையும் ஆண்டில்தான் உடையும்.

7. குடத்துக்குப் போகும் தண்ணீர்

ஊருணியில் நேராக இறங்கிக் குடத்தை முக்குவதை நிறுத்த வேண்டும். காலில் ஒட்டிய அழுக்கு முழுவதும் தண்ணீருக்குப் போகிறது. விளிம்பிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி உறைக்கிணறு இறக்கி, ஊருணிக்கும் கிணற்றுக்கும் நடுவே பெருஜல்லி, சிறுஜல்லி, மணல் என்று அடுக்கிய வடிகட்டித் தொட்டி வைத்துக் குழாயால் இணையுங்கள். கிணற்றை மூடி அதன்மேல் கைப்பம்பு. மணலின் மேல் இரண்டு அங்குலத்தை ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டும். ஊருணியைச் சுற்றி முள்வேலியோ சுவரோ கட்டாயம். ஆடு மாட்டுக்குத் தனியாக வெளியே ஒரு தொட்டி கட்டிவிட்டால் வேலியை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

வீட்டில், கலங்கல் இருந்தால் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டு ஓர் இரவு வைத்தால் தெளியும். தெளிவு வேறு, கிருமி இல்லாமை வேறு. தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் இரண்டரை கிராம் என்பது பொதுவான அளவு. கரைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துச் சோதியுங்கள். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. பழைய, காற்றுப்பட்ட பவுடரில் வீரியம் இருக்காது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம். உப்பை அளக்கக் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நிம்மதி. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம்.

8. கூரை

ஊருணிக்கு நீர்ப்பிடிப்பு மிஞ்சாத ஊர்களுக்கு இதுதான் பதில். 50 சதுர மீட்டர் கூரையில் பருவ மழை 400 மில்லிமீட்டர் விழுந்து, ஐந்தில் நான்கு பங்கு குழாய்க்கு வந்தால் 16,000 லிட்டர். ஐந்து பேர் வீட்டில் ஆளுக்குப் பத்து லிட்டர் வீதம் 240 நாளுக்கு வேண்டியது 12,000 லிட்டர். அந்த அளவுக்கு மூடிய தொட்டி ஒன்று இருந்தால் ஒரு குடும்பம் வண்டி தள்ள வேண்டியதில்லை. தார்ப் பாலைவனத்து 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியின் சூட்சுமமும் மூடியில்தான் இருக்கிறது. வெயிலும் காற்றும் எட்டாத தண்ணீர் மிகக் குறைவாகவே ஆவியாகும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் ஆக்கப்பட்டது. ஆனால் பெரும்பாலோர் அதை மண்ணுக்குள் விடும் குழியாக மட்டும் அமைத்தார்கள். நிலத்தடி உப்பாக இருக்கும் ஊரில் குழியில் விட்ட நல்ல தண்ணீர் உப்போடுதான் சேரும். இங்கே தொட்டியே வேண்டும்.

9. அளவுகல்

எல்லாம் முடிந்தபின் ஊருணியின் ஆழமான இடத்தில் ஒரு கல்தூணை நட்டு, அடியிலிருந்து பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு வண்ணத்தில் போடுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாளில், நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்களைவிட ஒழுங்காக எழுதுவோர் ஊரில் கிடைக்க மாட்டார்கள்.

மேலே போட்ட கணக்கின்படி வெயிலுக்கு நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர், ஊருக்கு 5 மில்லிமீட்டர், கசிவுக்கு 2 மில்லிமீட்டர். வாரத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் இறங்குவது இயல்பு. 14, 15 என்று இறங்கத் தொடங்கினால் எங்கோ கூடுதலாகக் கசிகிறது, அல்லது இரவில் யாரோ லாரியில் எடுக்கிறார்கள். கரையின் வெளிப்புறத்தைக் காலையில் வெறுங்காலோடு சுற்றி வாருங்கள். ஈரம் தட்டும் இடத்தில்தான் ஓட்டை. பங்குனியில் நோட்டைப் பார்த்தாலே இந்தத் தண்ணீர் ஆவணி வரை வருமா, ஆடியிலேயே தீருமா என்று தெரிந்துவிடும். தீரும் என்று தெரிந்தால் துவைக்க, குளிக்க எடுப்பதை அன்றைக்கே நிறுத்தச் சொல்லி ஊர்க்கூட்டம் போடலாம். பங்குனியில் சொன்னால் ஊர் கேட்கும். ஆடியில் சொல்லிப் பயனில்லை.